இடதுகோடியில் முப்பத்தெட்டு ஓட்டங்கள்

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளி முதல்வர் அல்சீட் ஃபோன்டெனோ அவர்களே! வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் பாதிரியார் லெடூ அவர்களே! இந்த ஊரின் ஆட்டத்தை அரை நூற்றாண்டாகக் கண்டு களித்து, கலங்கி, கண்ணீரும் விட்ட பெரியோர்களே! வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பிவிட்டு, வேலியோரம் மூச்சைப் பிடித்தபடி நிற்கும் தாய்மார்களே! நாளை தோள்கவசம் மாட்டப்போகும் இளைஞர்களே! மின்னசோட்டாவின் பனியில் பிறந்து, லூசியானாவின் வெயிலில் பாதி வாழ்வைக் கழித்த ரஸ் ஹால்டோர்சனின் பணிவான வணக்கம்.

இன்று நீங்கள் திறந்து வைத்திருக்கும் வீரர் கூடத்துக்கு, சென்ற மார்ச் மாதம் நம்மைவிட்டுப் பிரிந்த இமோஜீன் பாபினோவின் பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் பிறந்த அந்த அம்மையாரும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியில், கல்லூரி வீரர்களைப் பார்த்து எடைபோடும் தேர்வாளர்களாகச் சேர்ந்து பணியாற்றினோம். சேர்ந்து பணியாற்றினோம் என்றா சொன்னேன்? சேர்ந்து சண்டையிட்டோம் என்பதே பொருந்தும்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். என்ன சண்டை? நிலத்தகராறா? நேற்றுவந்த பகையா? இல்லை ஐயா, இல்லை! கல்லூரியில் பந்து பிடிக்கும் ஒரு ரிசீவரை எப்படி எடைபோடுவது என்ற சண்டை. நான் ஸ்டாப்வாட்ச்சின் பக்கம். நாற்பது கஜத்தை எத்தனை நொடியில் ஓடினான் என்பது எனக்கு வேதம். அவரோ வீடியோவின் பக்கம். ஒரே ஆட்டத்தைப் பதினோரு முறை பார்ப்பார். "காலு எவ்வளவு வேகம்னு உன் கடிகாரம் சொல்லும் ரஸ். எப்போ நிக்கணும்னு அவனுக்குத் தெரியுமான்னு அது சொல்லுமா?" என்பார். அவர் சொன்னவர்களெல்லாம் தேறினார்களா? இல்லை. நான் சொன்னவர்களெல்லாம் தோற்றார்களா? அதுவும் இல்லை. இருவருமே தவறியிருக்கிறோம். ஆனால் ஒரு தவறு மட்டும் பதினைந்து ஆண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாய் நிற்கிறது.

பின்வரிசையில் யாரோ "சத்தமா பேசுங்கய்யா" என்கிறார்கள். பேசுகிறேன். இதை இத்தனை நாள் சத்தமாகப் பேசாததுதானே என் குற்றம்!

அந்த ஆண்டு, வடக்கே ஒரு சிறிய கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார் உங்கள் டெல்வின் ஆர்செனோ. இன்று இந்தப் பள்ளியின் பயிற்சியாளர். அதோ, முன்வரிசையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். ஒரே பருவத்தில் எழுபத்தொரு பந்து பிடித்தவர். நாற்பது கஜத்தில் என் கடிகாரம் காட்டியது நான்கு புள்ளி ஆறு இரண்டு நொடி. மெதுவான ஓட்டம். அத்தோடு நான் நிறுத்தியிருந்தால் அது வெறும் கருத்து வேறுபாடு. நான் நிறுத்தவில்லை.

வீடியோவில் ஒன்றைக் கண்டுபிடித்தேன். முப்பத்தெட்டு ஆட்ட நகர்வுகளில் டெல்வின் அரை மனதோடு ஓடியிருந்தார். அவரைத் தடுக்க வரும் எதிரணிக் காவலாளி அருகிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறான். இவரோ காலை இழுத்து இழுத்து நடக்கிறார். நேரில் போய்க் கேட்டேன். "ஏம்ப்பா, இங்கெல்லாம் ஏன் ஓடலை?"

அவர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "காரணம் ஒண்ணும் இல்ல சார். ஓடியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

அறிக்கையில் எழுதினேன்: "சோம்பேறி. உழைக்கும் மனமில்லை." மூன்றே மூன்று சொற்கள். ஒரு மனிதனின் இருபத்திரண்டு ஆண்டு உழைப்பை ஒரு வரியில் அழித்தேன்!

ஏப்ரலில், எந்தக் கல்லூரி வீரர்களை எடுப்பது என்று முடிவு செய்ய எங்கள் அணியின் அறையில் கூடினோம். சுவர் முழுவதும் பெயர் அட்டைகள். அட்டை கழன்றால் அந்த வீரர் எங்களுக்கு வேண்டாம் என்று பொருள். டெல்வினின் அட்டையைக் கழற்றச் சொன்னேன். இமோஜீன் எழுந்தார்.

"அந்தப் பையன் சோம்பேறி இல்ல. அட்டை அங்கேயே இருக்கட்டும்."

"முப்பத்தெட்டு தடவை நடந்திருக்கான் இமோஜீன். நான் எண்ணிட்டேன்."

"நானும் எண்ணினேன். முப்பத்தெட்டும் களத்தோட இடதுகோடி. அதை எண்ணினியா?"

"எந்தக் கோடியா இருந்தா என்ன? காரணம் சொல்லு."

"காரணம் இருக்கு. என் வாயால சொல்ல மாட்டேன். இத்தனை வருஷத்துல நான் ஒருத்தனுக்காக இப்படிக் கேட்டதே இல்ல. என் பேச்சை நம்புங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது தேர்வாளர் கூட்டமா, ஜெபக் கூட்டமா? நம்புங்க நம்புங்கன்னா எப்படி?" என்றேன். அறையே சிரித்தது. தலைமை மேலாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அட்டை கீழே வந்தது. இமோஜீன் அதைக் குனிந்து எடுத்துத் தம் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும் அந்த டிராஃப்டில் மூன்று நாட்கள், ஏழு சுற்றுகள், முப்பத்திரண்டு அணிகள். எவரும் டெல்வினின் பெயரைச் சொல்லவில்லை. டெல்வினின் தாயார் மிஸ் வெர்னா இன்று மதியம் வாசலில் என்னிடம் சொன்னார்: "டிவியில அவன் பேரு வரும்னு தெருவே எங்க வீட்டுல கூடியிருந்துச்சுய்யா. நண்டு வேக வச்சு மேசையெல்லாம் பரப்பியாச்சு. மூணாம் நாள் சாயங்காலம் அவன் எழுந்து, வந்தவங்க உக்காந்திருந்த நாற்காலியெல்லாம் ஒவ்வொண்ணா மடிச்சு வச்சான்." தாயே, அதைச் சொல்லும்போது என் கையை நீங்கள் விடவில்லை. அந்தக் கைக்கு நான் தகுதியுள்ளவனா?

அதன்பின் ஓர் அணி டெல்வினைப் பயிற்சிக்கு அழைத்தது. இரண்டு ஆண்டுகள் பயிற்சி வரிசையில் நின்றார். ஒரே ஓர் ஆட்டத்தில்கூடக் களமிறங்காமல் ஊர் திரும்பினார்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. ஒரு காலை, எங்கள் பயிற்சி மைதானத்துக்கு ஒருவர் வந்தார். ப்ரூயிட் லசேன். டெல்வினின் கல்லூரி அணியில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். அதே டிராஃப்டில் கடைசிச் சுற்றில் வேறோர் அணிக்குத் தேர்வாகி, மாற்று ஆட்டக்காரராக ஆறு ஆண்டு ஆடி, அந்த வாரம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

"டெல்வின் சோம்பேறின்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"அந்த வருஷம் என் தோள் கிழிஞ்சு கிடந்துச்சு சார். இடதுகோடிக்கு என்னால பந்தை எறியவே முடியாது. எறிஞ்சா பாதியிலேயே விழும். டெல்வின் வேகமா ஓடி ஆளில்லாம நின்னா, 'ஏன் அவனுக்கு எறியலை'ன்னு எல்லாரும் என் கையைத்தான் பாப்பாங்க. அதனால காவலாளி விலகாம இருக்கட்டும்னு அவன் மெதுவா ஓடினான். நான் கேக்கலை. அவனாவே செஞ்சான். டிராஃப்டுக்குள்ள என் தோள் ஆறிடுச்சு. அவன் பேரு ஆறலை."

அன்பர்களே! அந்த வெயிலில் நான் குளிர்ந்து நின்றேன். அன்றே இமோஜீனை அழைத்தேன். "உனக்கு இது தெரியுமா?"

"தெரியும். வீடியோல பாத்தேன். டெல்வின்கிட்டக் கேட்டேன். 'ப்ரூயிட்டுக்கு இன்னும் எந்த அணியும் வாக்குக் குடுக்கல மிஸ் இமோஜீன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சினான்."

"அந்த அறையில சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேனே!"

"மூடியிருப்பே. ஆனா அந்த அறையில சொன்னது சாப்பாட்டு நேரத்துக்குள்ள முப்பத்தோரு அணிக்கும் போயிருக்கும். ஒருத்தனைத் தூக்கிவிட இன்னொருத்தன் கையை நான் உடைக்கணுமா ரஸ்?"

கேட்டீர்களா அந்தக் கேள்வியை? வெல்லும் வார்த்தை தம் நாவின் நுனியில் இருந்தும், அதை விழுங்கிவிட்டுத் தோற்றவர் உங்கள் இமோஜீன்! சிரிப்பைத் தாங்கினார், சினத்தைத் தாங்கினார், கொடுத்த சொல்லையும் தாங்கினார்!

டெல்வினிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். "வேண்டாம். நீ அழுதுட்டு வந்திடுவே, அவன் உன்னைத் தேத்தணும். அந்த வேலையும் அவனுக்கு எதுக்கு? எப்பவாவது நாலு பேர் முன்னாடி உண்மையைச் சொல்லு, போதும்" என்றார். அவர் சொல்லி ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒன்பது ஆண்டுகள் எனக்குத் துணிவு வரவில்லை. அவர் கேட்க முடியாத நாளில் வந்து பேசுகிறேன். அந்த வெட்கத்தையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஆகவே, இந்த ஊர் கேட்க, இந்தத் தாய் கேட்க, இந்த இளைஞர்கள் கேட்க உரத்துச் சொல்கிறேன். டெல்வின் ஆர்செனோ ஓட முடியாமல் நின்றவரல்லர். தோழனின் தோளுக்காகத் தம் வேகத்தை விட்டுக்கொடுத்தவர்! அவரை நான் அளந்தேன், அறியவில்லை. எடைபோட்டேன், எண்ணிப்பார்க்கவில்லை. அவரை எடைபோட எனக்குத் தெரியவில்லை என்பதே உண்மை!

இங்கே என் தொழிலைச் செய்யும் இளையவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். கடிகாரத்தை எறிந்துவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். சண்டையிடாதீர்கள் என்றும் சொல்லமாட்டேன். சுவரிலிருந்து ஒரு பெயரைக் கழற்றும் முன், உங்களோடு மாறுபடுகிறவர் ஏன் மாறுபடுகிறார் என்று தனியே ஒரு முறை கேளுங்கள். நான் கேட்கவில்லை. பத்தடி தூரத்தில்தான் இமோஜீன் உட்கார்ந்திருந்தார்.

என்ன இது, எல்லோரும் எழுகிறீர்களே! வேண்டாம், எனக்காக எழ வேண்டாம். ஓ... நீங்கள் என் பக்கம் பார்க்கவில்லை. முன்வரிசையைப் பார்க்கிறீர்கள். நல்லது. அப்படியே நில்லுங்கள். டெல்வின், தலையை நிமிர்த்துங்கள் ஐயா, இது உங்களுக்கு.

தோற்றுப்போய் நின்ற ஒரு தேர்வாளனுக்கு மேடை தந்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கையைப் பற்றிக்கொண்ட தாய்க்கும் என் நன்றி. நின்றுகொண்டிருக்கும் உங்கள் எல்லோரோடும் நானும் நின்று, முன்வரிசையை நோக்கி வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.