ஒரே மேசையில் இருபத்திரண்டு ஆண்டுகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அருள்தந்தை க்ரெகோரி அவர்களே! அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் மேயர் பாட்ரிஷா ஓக்ஸ் அவர்களே! இந்தக் கூடத்தை நமக்குக் கொடுத்துவிட்டு, வண்டிகளை வெளியே வெயிலில் நிறுத்தியிருக்கும் தீயணைப்புப் படைத் தோழர்களே! மறைந்த ஆர்லீன் டாம்கோ அவர்களின் மகள் ரெனீ, மகன் டுவேன்! கட்லர் லேண்டிங் பெருமக்களே! வலப்பக்கம் அமர்ந்திருப்பவர்களே! இடப்பக்கம் அமர்ந்திருப்பவர்களே! கட்சிவாரியாகப் பிரிந்து உட்காருங்கள் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. வந்தீர்கள், நீங்களாகவே அப்படி உட்கார்ந்துவிட்டீர்கள். இரண்டு பக்கத்துக்கும் என் வணக்கம்.

என் பெயர் லாய்ட் ஸ்டக்கி. எழுபத்தொரு வயது. சாலைத் துறையில் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். குடியரசுக் கட்சிக்காரன். அம்மையார் ஆர்லீன் டாம்கோ ஜனநாயகக் கட்சிக்காரர். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் இரண்டு கட்சியிலிருந்தும் ஆட்கள் உட்கார வேண்டும் என்பது நம் மாநிலச் சட்டம். அந்தச் சட்டம் எங்கள் இருவரையும் இதே கூடத்தில், ஒரே மேசையில், இருபத்திரண்டு ஆண்டுகள் உட்கார வைத்தது. அவர் சாவடித் தலைவர். நான் அவருக்கு அடுத்த நாற்காலி.

ஆர்லீன் இறந்து இன்றோடு பதினொரு நாள். இந்தப் பதினொரு நாளில் எனக்கு ஒருமுறைகூட அழுகை வரவில்லை. புல்வெளியை வெட்டினேன். வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன். மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்றார். ஆகவே கண்ணீரோடு பேசும் ஒருவரை எதிர்பார்த்து நீங்கள் வந்திருந்தால் என்னை மன்னியுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

யார் இந்த ஆர்லீன்? நம் தொடக்கப்பள்ளிச் சமையலறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நின்றவர். இங்கே நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எல்லோரும் அவர் கரண்டியிலிருந்து சாப்பிட்டவர்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எல்லாத் தட்டிலும் இரண்டாவது கரண்டி விழுமே, நினைவிருக்கிறதா? சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. எந்தெந்த வீட்டில் அந்த இரண்டு நாளும் அடுப்பு சரியாக எரியாது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டால் மற்றவர்கள் கவனிப்பார்கள் என்பதால் எல்லோருக்குமே போட்டார். கேட்டு வந்த மேலதிகாரியிடம், "வெள்ளிக்கிழமை எனக்குக் கை நடுங்கும் சார், அளவு பிசகிடுது" என்றார். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததே இல்லை!

அவருக்கு அது எப்படித் தெரிந்தது? அவர் தந்தை ஸ்டீவ் மிஹாலிக், ஆற்றோரக் கண்ணாடி ஆலையில் உலைக்காரர். ஆலை மூடியபோது அவருக்கு ஐம்பத்தோரு வயது. அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள், விடிந்ததும் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் வந்து உட்காருவாராம். எங்கேயும் போகமாட்டார். பத்து மணிக்குச் சட்டையைக் கழற்றி மாட்டுவார். ஆர்லீன் இதை என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னார், வாக்காளர் யாரும் வராத ஒரு மதிய நேரத்தில். சொல்லிவிட்டுப் பென்சில் சீவத் தொடங்கிவிட்டார்.

மகன் டுவேன் லாரி இருக்கைத் தொழிற்சாலையில் சேர்ந்தான். பதினோரு ஆண்டுகள். அதையும் மூடினார்கள். பிறகு ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினான். அவன் மகள் இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறாள், இரண்டும் அரை வேலை. நான்கு தலைமுறை! இதே ஊர், இதே ஆறு, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு மூடிய கதவு. தாத்தா ஆலை முதலாளியைத் திட்டினார். டுவேன் தலைநகரத்தைத் திட்டுகிறான். கொலம்பஸில் செவிலியாக இருக்கும் ரெனீ, தம்பி ஓட்டுப் போடும் ஆட்களைத் திட்டுகிறாள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. ஒரே வீட்டில் விழுந்த அடி ஒருவரை இந்தப் பக்கமும் இன்னொருவரை அந்தப் பக்கமும் தள்ளிவிட்டது. அதை மட்டும் சொல்கிறேன்.

நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வேட்பாளர்கள் வருவார்கள். அந்தக் கண்ணாடி ஆலைச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கட்சிக்காரரும் வந்தார், எங்கள் கட்சிக்காரரும் வந்தார். அதே சுவர், அதே பேச்சு! ஒருமுறை ஆர்லீன் கட்சியின் வேட்பாளரே வந்தபோது, ஓர் உதவியாளர் ஓடிவந்து, "அம்மா, உங்க சமையல் ஏப்ரனைப் போட்டுட்டு அவருக்குப் பின்னால நிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு எனக்கு லீவுப்பா," என்றார் ஆர்லீன். "ஏப்ரனும் லீவு. வேணும்னா அவரை நாளைக்குச் சமையலறைக்கு வரச் சொல்லு. உருளைக்கிழங்கு நெறைய கெடக்கு, உரிக்கலாம்."

சிரியுங்கள், பரவாயில்லை. ஆர்லீனும் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைதான் இது.

நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய நவம்பர்.

அன்று வாக்குப்பதிவு முடிந்தது. எண்ணிக்கை சரிபார்த்து, முத்திரை வைத்து, வாக்குகள் இருந்த பெட்டியை மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அதற்கும் சட்டம் உண்டு: இரண்டு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவர், ஒரே வண்டியில் போக வேண்டும். யாரோ அப்போது வெளியே நின்று படம் எடுத்திருக்கிறார்கள். மறுநாள் அந்தப் படம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. ஆர்லீன் டாம்கோ ஒரு பெட்டியைத் தன் காரில் ஏற்றுகிறார், பக்கத்தில் யாருமில்லை. 'மூன்றாம் வார்டு ஓட்டுகள் எங்கே போகின்றன?' என்று மேலே எழுதியிருந்தார்கள்.

இந்தக் கூடத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் யாராவது உண்டா? அடுத்தவருக்கு அனுப்பாதவர் எத்தனை பேர்?

அதன் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆர்லீன் வீட்டுக் கதவில் முட்டை வீசினார்கள். அஞ்சல் பெட்டியில் சீட்டுகள் போட்டார்கள். அவர் கையால் சாப்பிட்ட பிள்ளைகள் வளர்ந்து எழுதிய சீட்டுகள்! கையெழுத்தை வைத்தே யார் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் பெயரையும் அவர் வெளியே சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை. பெக்கியின் உணவுக்கடை நிறைய ஆட்கள். ஆர்லீன் சன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டுவேன் வந்தான். உட்காரவில்லை.

"அம்மா, அந்தப் பொட்டிய எங்க கொண்டு போன?"

"மாவட்ட ஆபீஸுக்குடா. வருஷா வருஷம் எங்க போகுதோ அங்கதான். உக்காரு, முட்டை சொல்றேன்."

"முட்டையெல்லாம் வேண்டாம். தனியாவா போன?"

"தனியா போக முடியாது. ரெண்டு கட்சி ஆளும் சேந்துதான் போகணும்."

"அப்ப கூட வந்தது யாரு? பேரைச் சொல்லும்மா. வேலை செய்யுற எடத்துல எல்லாரும் என்னைக் கேக்குறானுங்க. உங்கம்மா திருடியாடான்னு மூஞ்சிக்கு நேரா கேக்குறான். ஒரு பேரைச் சொல்லு, நான் போய் அவனுங்க வாயை அடைக்கிறேன்."

பெக்கி அடுப்பைத் தணித்தார். ஆர்லீன் மகனைப் பார்த்துச் சொன்னார்:

"கூட வந்தவரு பேரை அவரே சொல்லட்டும்டா."

டுவேன் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். யாரும் எழுந்திருக்கவில்லை. "அப்ப யாருமே வரல, அதானே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் தாயின் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை.

நான் அந்தக் கடையில்தான் இருந்தேன். ஆர்லீனிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளி. இந்தப் பக்கம் என் மைத்துனர், அந்தப் பக்கம் கட்சி நண்பர்கள் மூன்று பேர். என் முன்னால் தட்டில் முட்டை. ஆர்லீன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்றுதான் திரும்பவில்லை. நான் முட்டையைத் தின்றேன். ஆறிப்போயிருந்தது. முழுவதையும் தின்று முடித்தேன்.

கட்லர் லேண்டிங் மக்களே! அந்தப் பெட்டியின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்திருந்தவன் நான். படத்தின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு தெரியும், பார்த்திருப்பீர்கள். அது என் கோட்டுக் கை. அதற்கு மேல் வெட்டிவிட்டார்கள். வாக்குகளை ஆர்லீனோடு சேர்ந்து எண்ணியவன் நான். முத்திரை மேல் கையெழுத்துப் போட்டவன் நான். அவர் காரில், முன் இருக்கையில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான். ஓர் ஓட்டுகூடக் கூடவில்லை, ஓர் ஓட்டுகூடக் குறையவில்லை. அந்த முறை எங்கள் வார்டில் வென்றது என் கட்சி. அதைக்கூட யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என்ன டுவேன்? உட்கார், உட்கார். கேட்டது. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, நான் சொல்கிறேன். "அன்னிக்கே ஏன் அங்கிள் சொல்லல?" என்று கேட்கிறான்.

பயம், டுவேன். வேறு ஒன்றுமில்லை. நம் ஆட்கள் என்னைத் துரோகி என்பார்கள் என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு என் மேசையில் யாரும் உட்காரமாட்டார்களோ என்ற பயம். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். வாரங்கள் போய்விட்டன. எனக்கு மாவட்டத்தில் நாற்பது மைல் சாலை தெரியும். கடையில் மூன்று நாற்காலி தாண்டத் தெரியவில்லை.

அடுத்த வசந்தத்தில் தேர்தல் வந்தது. ஆர்லீன் வரமாட்டார் என்று நினைத்தேன். எனக்கு முன்பே வந்து மேசை விரித்துக்கொண்டிருந்தார். "என்னய்யா லாய்ட், வயசாயிடுச்சா? ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றார். மதியம் தன் ஹாம் சாண்ட்விச்சில் பாதியை என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் கேட்டேன்: "தலைவரம்மா, அன்னைக்கு ஏன் என் பேரைச் சொல்லல?"

"உங்க பேரு உங்களுதுய்யா," என்றார். "நான் எப்படி எடுத்துக் குடுக்கிறது? சாப்பிடுங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் அதைப் பேசவில்லை. இதை விடப் பெரிய தண்டனையை எந்த நீதிமன்றம் எனக்குக் கொடுத்திருக்கும்?

ரெனீ, உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோபப்படாதே. உன் தம்பி அம்மாவைக் கைவிட்டுவிட்டான் என்று நீ எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய். நான் எதிர்வீட்டுக்காரன், பார்த்தவன். இரண்டு குளிர்காலமும் ஒவ்வொரு பனிக்குப் பிறகும், வேலைக்குப் போகும் முன் டுவேன் வருவான். வாசலிலிருந்து தெருவரை பனியை அள்ளுவான். கதவைத் தட்டமாட்டான். படியில் ஒரு பிளாஸ்கில் காப்பி இருக்கும். குடிப்பான், வைத்துவிட்டுப் போவான். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் உன் அம்மா நிற்பார். நான் என் சன்னலில் நின்றேன். மூன்று பேரும் அவரவர் இடத்தில் நின்றோம். ஒருவருக்கும் வாய் இருக்கவில்லை.

பதினொரு நாளுக்கு முன்னால், இந்த ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை. தேவாலயத்து இலவச உணவுப் பிரிவில், வரிசையில் நின்றவர்களுக்குப் பெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஆர்லீன் கீழே விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. டுவேனுக்குச் சொன்னோம். பாதி வேலையில் எழுந்து வந்தால் தண்டப் புள்ளி விழும், மூன்று புள்ளி சேர்ந்தால் வேலை போய்விடும். அவனுக்கு ஏற்கெனவே இரண்டு. அவன் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, கிளம்பிவிட்டான். ஒன்றரை மணி நேரச் சாலை. அவன் மருத்துவமனைப் படியில் ஏறியபோது ஆர்லீன் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. வேலையும் போய்விட்டது.

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் வாயைத் திறந்திருந்தால் அந்த இருபது நிமிடம் இவ்வளவு நீளமாக இருந்திருக்காது. இதைச் சொல்லும்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தேன்.

பெரியோர்களே! ஆர்லீன் டாம்கோ விட்டுச் சென்ற பணிகள் இரண்டு. ஒன்று, வியாழக்கிழமை உணவுப் பெட்டி. போன வியாழன் நான் போனேன், வருகிற வியாழனும் போவேன், கால் இருக்கும்வரை போவேன். எந்தப் பக்கத்து ஆள் வரிசையில் நிற்கிறார் என்று ஆர்லீன் பார்க்கவில்லை; நானும் பார்க்கமாட்டேன். மற்றொன்று, இந்த மேசை. வருகிற நவம்பருக்கு ஆர்லீன் நாற்காலியில் உட்கார அவர் கட்சியிலிருந்து இதுவரை ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. பயப்படுகிறார்கள். பயம் எனக்குப் புரியாதா? இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களில் ஒருவர் வாருங்கள். உங்கள் மேல் ஒரு சொல் விழுந்தால், அதே நாளில், அதே கடையில், நான் எழுந்து நிற்பேன். அருள்தந்தை முன்னால் சொல்கிறேன், என் மைத்துனர் முன்னால் சொல்கிறேன்.

நவம்பரில், தேர்தல் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு இந்தக் கூடம் திறக்கும். வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டி அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வரும். ஒரு கைப்பிடியை நான் பிடித்திருப்பேன். படம் எடுக்க விரும்புகிறவர்கள் வந்து எடுங்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, என் முகமும் விழும்படி எடுங்கள்.