மேல் ஆக்டேவ்

— மறுபடியும் டயோடு மாத்திட்டேன் அபி. டிரான்சிஸ்டரும் ரிச்சி ஸ்ட்ரீட்ல போயி புதுசு வாங்கியாந்தேன். அப்பவும் இந்த கிடாரு பெடல மிதிச்சா மேல் ஆக்டேவ் வரல, அதே சுரம் மேல் ஸ்தாயில எழும்பல. நானே தந்தியத் தட்டித் தட்டிப் பாத்துட்டேன்.

— அப்போ கீழ் ஆக்டேவ் சர்க்யூட்டே கட்டிடலாமே மாமா.

— இன்னா சொன்ன? இந்தப் பக்கம் திரும்பிப் பேசும்மா. தறித் தெருவுல இருந்துக்கினு மெல்லப் பேசினா எவனுக்குக் கேக்கும்?

— கீழ் ஆக்டேவ் போதும்னேன். அது மொத நாளே நல்லா வந்துதுன்னு நீதான சொன்ன?

— வந்துது. பேஸ் கிடாரு மாதிரி கும்முனு வந்துது. அத வெச்சிக்கினு நா இன்னா பண்றது? உங்க அக்கா கீழயா பாடினா? நீ கிடார்ல மெட்ட எடுத்தா, அவ அதுக்கு ஒரு ஆக்டேவ் மேல ஏறிக்கினு போவா.

— தெரியும் மாமா. அவ பக்கத்துல நின்னு வாசிச்சவ நான்.

— கருடசேவைக்கு நம்ம ட்ரூப் மேடை ஏறுது. காந்தா போனப்பறம் மொத கச்சேரி. நீ பெடல மிதிச்சா அவ கூட வர்ற மாதிரி இருக்கணும். அவ்ளோதான் என் ஆசை.

— அம்மா கச்சேரிக்கு வரமாட்டாங்களாம்.

— என் மூஞ்சியிலயே முழிக்கறதில்ல, கச்சேரிக்கா வருவாங்க? பக்கத்து வூட்டு ஜெயம்மா சொன்னதயே புடிச்சிக்கினு இருக்காங்க. காந்தா சமையக்கட்டுல மூச்சு முட்டி, ஏங்க ஏங்கன்னு கூப்ட்டாளாம். நா சால்டரிங்க வுட்டுட்டு எழுந்திருக்கலயாம். கூப்ட்டா ஓடமாட்டனா அபி? அவ எதுன்னாலும் எதிர்ல வந்து, என் மூஞ்சியப் பாத்துதான் சொல்லுவா. சத்தியமா அன்னைக்கு அவ கூப்புடல.

— நா நம்பறேன் மாமா. இல்லன்னா இங்க வருவேனா?

— நீ ஒருத்திதான் நம்பற. சரி, கடைசியா ஒரு தடவ. ஒயர் குடுத்துட்டேன். கிடாரு கழுத்து முடியற எடத்துல, உச்ச சுரத்துல வாசி. அங்கதான் இந்த சர்க்யூட்டு எடுக்கும்.

— வாசிக்கிறேன்.

— பாத்தியா? வெறும் கிடாருதான்.

— மாமா.

— இன்னாம்மா?

— நல்லா கேளு. இது பெடல் இல்லாம. இப்ப சுவிட்ச் போடறேன். இது பெடலோட.

— ரெண்டும் ஒண்ணுதான. சொல்றேன்ல, வரவேயில்ல. தறி சத்தத்துல உனக்குத்தான் ஏதோ வித்தியாசமா கேக்குது.

— இன்னைக்கு அமாவாசை, தறிக்கு லீவு மாமா. தெருவுல ஒரு தறியும் ஓடல.

— அட, ஆமா. ஏம்மா, நீ எதுக்கு அழுவுற?

— ஒண்ணுமில்ல. கீழ் ஆக்டேவே கட்டிடு மாமா. எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. இரு, குக்கர நிறுத்திட்டு வரேன்.

— அது இன்னும் விசிலே அடிக்கல. உக்காரு.

— அடிச்சிது மாமா.

— எப்ப?

— வுடு மாமா.

— எப்ப அடிச்சிது அபி?

— அப்பலேர்ந்து அடிச்சிக்கினுதான் இருக்குது.

— எனக்குக் கேக்கல.

— ட்ரூப்ல எத்தினி வருஷம் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்துலயே நின்ன. அதனால இருக்கும். டாக்டரப் பாத்தா சரியாய்டும்.

— இந்த பெடலு வேல செய்யுதா? பொய் சொல்லாம சொல்லு.

— செய்யுது.

— எப்டி இருக்குது?

— அக்கா பாடற மாதிரியே இருக்குது மாமா.

— அப்போ ஜெயம்மா சொன்னது நெசம். காந்தா என்னைக் கூப்ட்டுக்கினேதான் இருந்திருக்கா.