கிள்ளிக் கொடுத்த அழுகை

கம்பார் தாண்டி பஸ் ஈப்போவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“நேத்து டிவி நாடகத்துல அந்தப் பொண்ணு அழுதுச்சே, அது நான் கிள்ளிக் கொடுத்த அழுகைலா.”

“சும்மா இருங்கக்கா. அது எவ்ளோ பெரிய நடிகை!”

“இப்பத்தான் நடிகை. ஆறு வயசுல எங்க எஸ்டேட் திருவிழா நாடகத்துல அனாதைப் புள்ளையா வந்துச்சு. அழுவச் சொன்னா சிரிக்கும். நான் படுதாவுக்குப் பின்னால நின்னு, கையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளி மேடைக்கு அனுப்புவேன். பாத்த சனமெல்லாம் அழுவும். அப்புறம் எல்லா எஸ்டேட்லயும் கூப்பிட்டாங்க. கிள்ளுறதுக்கு நானும் கூடவே போவேன்.”

“பாவம்க்கா அது. இப்ப உங்கள எங்க ஞாபகம் வச்சிருக்கப் போவுது?”

“ஏன் இல்ல? நேத்து அழுவுறதுக்கு முன்னால இடது கையத் தடவிக்கிச்சே, நீ பாக்கல? நான் கிள்ளுற எடம் அதான்.”

நானும்தான் அந்த நாடகத்தைப் பார்த்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததில் கையை எங்கே கவனித்தேன்!

“இன்னும் வலிக்குது போல, பாவம்” என்றார் அந்த அக்கா. முகமெல்லாம் சந்தோஷம்.