அக்கா அடித்த வரிகள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால்தான் அந்த வேலை என்னிடம் வந்தது.

அக்கா ஒரு மெல்லிசைக் குழுவுக்குப் பாட்டு எழுதினாள். மேடையில் பாடகர் பெயரைச் சொல்வார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் பெயரைக்கூடச் சொல்வார்கள். எழுதியவள் பெயரை யாரும் சொன்னதில்லை. காய்ச்சலில் விழுந்து பதினோராம் நாள் போய்விட்டாள். மெட்டுப் போடாத முப்பத்தோரு பாட்டுகள் ஒரே ஒரு நோட்டில் இருந்தன.

"ஒரு புத்தகத்துலயாவது அவ பேரு இருக்கட்டும்டா," என்றாள் அம்மா. "நீ அழகா எடுத்து எழுதிக் குடு."

அக்கா ஒவ்வொரு வரியையும் நான்கு விதமாக எழுதிப் பார்ப்பாள். பிடிக்காத மூன்றை ஒற்றைக் கோட்டால் அடிப்பாள். அடித்ததையும் படிக்க முடியும்.

நான் மாலை வகுப்பில் கதை, கவிதை எழுதக் கற்கிறேன். மூன்று வருடங்களாக, தினம் ஒரு பக்கம் டைரி. நன்றாக எழுதுகிறேனா என்பது எனக்கே தெரியாது. ஒருமுறை அக்கா அதைப் புரட்டிவிட்டுச் சிரித்தாள். "பரவாயில்லடா, தேதியெல்லாம் தப்பில்லாம போட்டிருக்க." நானும் சிரித்தேன்.

முதல் பாட்டை ஒழுங்காகவே எழுதினேன். இரண்டாவதில் அவள் விட்டுவைத்த வரி: 'நீ வரும் சத்தம் வேண்டுமென்றே கதவுக்கு எண்ணெய் விடவில்லை.' அடித்த வரி: 'நீ வரும் பாதை பார்த்தே நெஞ்சம் ஏங்குதே.' பின்னது எளிமையாகப் பட்டது. எளிமை நல்லது என்பார் எங்கள் ஆசிரியர். அதை எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது பாட்டுக்கு மேல் சந்தேகமே வரவில்லை. நாளுக்கு இரண்டு பாட்டு வீதம், அடித்த மூன்றில் எது மிகச் சுமாரோ அதையே எழுதினேன். கடைசியில் முதல் பாட்டையும் அப்படியே மாற்றினேன். ஓர் எழுத்தைக்கூட நானாகச் சேர்க்கவில்லை. எல்லாம் அவள் எழுதியதுதான்.

நோட்டை வாளித் தண்ணீரில் ஊறவைத்தேன். மை கரைய ஒன்றரை நாள் ஆனது. பஸ்ஸில் தவறவிட்டதாக அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "நல்லவேளை, அதுக்குள்ள நீ எழுதி முடிச்சியே ராஜா," என்றாள்.

புத்தகம் அச்சாகி வந்தது. நினைவுக் கூட்டத்தில் குழுத் தலைவர் நான்கு பாட்டுகளைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். "இதுல மெட்டுப் போட என்னப்பா இருக்கு? நான்தான் உங்கக்காவப் பெருசா நெனச்சுட்டேன் போல," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் புத்தகத்தை யாருக்கும் கொடுப்பதில்லை. கட்டுகள் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன.

வகுப்புக்கு நான் ஒரு பிரதி கொண்டுபோனேன். ஆசிரியர் முன்னுரையை மட்டும் சத்தமாகப் படித்தார். அது நான் எழுதியது. "மொத்தப் புத்தகத்துலயும் இது ஒண்ணுதான்யா உருப்படி," என்றார். அன்று டைரியில் இரண்டு பக்கம் எழுதினேன்.

பொறாமை என்று நீங்கள் சொல்லலாம். பொறாமைப்படும் அளவுக்கு அந்தப் பாட்டுகளில் என்ன இருக்கிறது? வேண்டுமானால் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள்.