ஒரு கையை மட்டும் பார்

அவைக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேச அழைத்துவிட்டு, இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் ஆயர் ஐயா அவர்களே! முதுமையையும் முறுவலையும் ஒன்றாகச் சுமந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சபை மூப்பர்களே! பிள்ளைகளை மடியிலும் பாடல்களை நாவிலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! இந்த மண்டபத்தின் தூண்களுக்குக்கூடத் தாளம் கற்றுக்கொடுத்துவிட்ட பாடகர் குழுவினரே! நாற்காலி கிடைக்காமல் கதவோரம் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஆண்டவரின் நாமத்தில் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வாழ்த்து, என் வணக்கம்!

"ஆண்டவர் இன்றும் வழிநடத்துகிறாரா? இந்தத் தலைப்பில் நீங்கதான் பேசணும்" என்று ஆயர் ஐயா சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இறையியல் பயின்றவன் அல்லன். இலக்கணம் துறைபோகக் கற்றவனும் அல்லன். உயர்ந்த கட்டடங்களுக்குப் பக்கத்தில் அவற்றைவிட உயரமாக நெட்டையாக ஒன்று நிற்குமே, அந்தக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பாரம் தூக்குகிறவன். என்ன, பின்னால் சிரிக்கிறீர்கள்? "மேலேயே இருக்கிறவர், ஆண்டவருக்குப் பக்கத்து வீடு" என்கிறீர்களா? உயரத்தில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்காதீர்கள். உயரத்தில் இருப்பவனுக்குத்தான் பாதி தெரியாது!

ஆம், பெரியோர்களே! கம்பிக்கட்டைத் தூக்குவேன், அது சுவருக்குப் பின்னால் இறங்கும். அங்கே யார் நிற்கிறார், என்ன கிடக்கிறது, எதுவும் என் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகக் கீழே ஒருவர் நிற்பார். அவர் கையசைவைப் பார்த்துத்தான் நான் ஏற்றுவேன், இறக்குவேன், திருப்புவேன். பேசும் கருவியும் உண்டு. ஆனால் இரைச்சலில் அது பாதிநேரம் கரகரக்கும், கைதான் நம்பிக்கை. எங்கள் வேலையிடத்தில் அந்தக் கைக்குச் சொந்தக்காரரை எல்லாரும் "கொடிமரம்" என்று அழைப்போம். வெயிலானாலும் காற்றானாலும் நின்ற இடத்தில் நிற்பார். நானும் அவரும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியவர்கள் அல்லர். ஆனால் என் கண் அவர் கையில் இருக்கும்.

இனி என் வீட்டுக்கு வாருங்கள். என் துணைவியாரை உங்களுக்குத் தெரியும். இந்தக் குழுவில் முதல் வரிசையில் முதல் ஆளாக நின்று, உச்சக் குரலை ஒற்றை ஆளாகத் தாங்கியவர். அவருடைய தொண்டையில் ஒரு கட்டி வந்தது. முதலில் சளி என்றோம். பிறகு சத்தமாகப் பயிற்சி செய்ததால் வந்த வீக்கம் என்றோம். கடைசியில் அறுவை மருத்துவரிடம் போய் உட்கார்ந்தோம். அந்த அம்மையார் சுற்றி வளைக்கவில்லை.

"கட்டியை எடுத்தே ஆகணும். விட்டா வளர்ந்து மூச்சுக்குழாயை அழுத்தும். ஆனா குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே போகுது. கவனமாத்தான் செய்வோம். பேச்சு வந்துடும்னு நம்பறேன். பாட்டுக்கு மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்மா."

என் துணைவியார் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார். பாட்டுதான் அவருக்கு ஜெபம், பாட்டுதான் அவருக்கு மூச்சு. மூச்சைக் காக்கப் பாட்டைக் கொடுக்க வேண்டுமா? பாட்டைக் காக்க மூச்சைப் பணயம் வைப்பதா? இதுதான் எங்கள் வாசலில் வந்து நின்ற கேள்வி.

கேள்வி ஒன்று வந்தால் பதில் சொல்ல ஊரே வந்துவிடும் அல்லவா? மச்சான் வந்தார். "கத்தி பட்டா குரல் போச்சு மாப்பிள்ளை. என் தங்கச்சியை ஊமையாக்கிடாதீங்க" என்றார். அக்கா வந்தார். "அவசரப்படாதே தம்பி. நான் உபவாசம் இருக்கேன், கட்டி தானாக் கரைஞ்சிடும்" என்றார். அடுத்த வீட்டுக்காரர் ஏதோ கசாயம் காய்ச்சும் காணொளியை அனுப்பிக்கொண்டே இருந்தார். எல்லாரும் அன்பால் சொன்னார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்பு நாலாபக்கமும் பிடித்து இழுத்தால் மனிதன் எந்தப் பக்கம்தான் போவான்? ஆயர் ஐயா ஒருவர்தான் ஆலோசனை எதுவும் சொல்லாமல், "ஜெபிக்கிறேன். டாக்டர் தேதி குடுத்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். உண்மையைச் சொல்கிறேன் ஐயா, அன்று அது எனக்கு உப்புச்சப்பில்லாத பதிலாகத்தான் பட்டது!

எனக்கு ஓர் அடையாளம் வேண்டியிருந்தது. வானத்திலிருந்து வெளிச்சமாக, பளிச்சென்று, எனக்கு மட்டுமாக ஓர் அடையாளம்! நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டே. கண்ணை மூடிக்கொண்டு வேதப் புத்தகத்தைத் திறந்து, விரல் விழுந்த இடமே ஆண்டவரின் பதில் என்று எடுத்துக்கொள்வது. ஓ, அங்கே சிலர் தலையைக் குனிகிறீர்கள்! குனியாதீர்கள், நானும் உங்கள் கட்சிதான். கண்ணை மூடினேன், திறந்தேன், விரலை வைத்தேன். முழுநீள வம்ச அட்டவணை! முதல் தடவை வெறும் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு மறுபடி வைத்தேன். கூடாரத்துத் திரைச்சீலையின் நீளமும் அகலமும்! கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என் துணைவியார்.

"என்ன சொல்றார் ஆண்டவர்?"

"அது… துணியோட அளவு வந்திருக்கு."

"சரியாப் போச்சு. எனக்குத் தொண்டையில கட்டி, உங்களுக்குத் தையல் வேலையா?" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்தார். ஆனாலும் சிரிப்பு முடிந்ததும் பயம் பழைய இடத்திலேயே இருந்தது.

அதே வாரத்தில் வேலையிடத்தில் ஒன்று நடந்தது. கம்பிக்கட்டு ஒன்று சுவருக்கு மேலே தொங்குகிறது. இறக்க வேண்டும். பார்க்கிறேன், கொடிமரத்தைக் காணோம்! கீழே மேற்பார்வையாளர் கையை ஆட்டுகிறார், இறக்கு இறக்கு என்று. கொத்தனார் ஒருவர் இந்தப் பக்கம் வா என்கிறார். லாரிக்காரர் தன் பங்குக்குத் துண்டை வீசுகிறார். எங்கள் தொழிலில் ஒரு விதி. சைகை காட்டுபவர் கண்ணில் படாவிட்டால், பாரம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். மற்றவர் எத்தனை கை அசைத்தாலும் அசையக் கூடாது. "நிறுத்து" என்ற ஒரே ஒரு சைகைக்கு மட்டும் விலக்கு. அதை யார் காட்டினாலும் நின்றுவிட வேண்டும். நான் அசையவில்லை. கீழே என்னைத் திட்டுகிறார்கள் என்று வாயசைவிலேயே தெரிந்தது. திட்டட்டும்! சற்றுப் பொறுத்துக் கொடிமரம் வெளியே வந்தார். சுவருக்குப் பின்னால் நிழலில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த வர்ணம் பூசுபவர் இருவரை எழுப்பி அனுப்பிவிட்டு வந்திருக்கிறார். பிறகு தன் வழக்கமான இடத்தில் நின்று, கையை நீட்டி, இறக்கு என்றார். இறக்கினேன்.

மாலையில் சாப்பிடும்போது இதை வீட்டில், சைகைகளையும் செய்துகாட்டி, பெருமையாகச் சொன்னேன். "எத்தனை பேர் கையை ஆட்டினாலும் நம்ம கண்ணு ஒரே கையிலதான். தெரியுமா?" என்றேன். என் துணைவியார் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேலையில ஒரே கையைப் பார்க்கறீங்க. வீட்டுக்கு வந்தா எங்கண்ணன் கை, உங்கக்கா கை, அடுத்த வீட்டுக் கை, எல்லாத்தையும் பார்க்கறீங்க. ஏங்க, அந்தக் கொடிமரம் உங்களுக்கு முழுக் கட்டடத்தோட வரைபடத்தையும் காட்டிட்டா இறக்கச் சொல்றார்?"

"இல்ல. அடுத்து என்ன பண்ணணும்னு மட்டும்தான் காட்டுவார்."

"அப்புறம் ஆண்டவர்கிட்ட மட்டும் ஏன் வரைபடம் கேக்கறீங்க?"

"அப்போ உனக்குப் பதில் கிடைச்சிடுச்சா?" என்று கேட்டேன்.

"குரல் என்ன ஆகும்னு அவர் சொல்லல. நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். அந்த டாக்டரம்மா கண்ணைப் பார்த்துப் பேசினாங்க. 'போ'ன்னு ஒரு தெளிவு இருக்கு. அவ்வளவுதான். பயம் போகல. பயத்தோடயே போகலாம்னு இருக்கு. நீங்க கூட வருவீங்கல்ல?"

அன்பு நெஞ்சங்களே! வழி முழுவதும் தெரிந்தவனுக்கு விசுவாசம் எதற்கு? கரை கண்ணுக்குத் தெரிந்தவனுக்குக் கைப்பிடி எதற்கு? நாளை நடப்பதை இன்றே எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அந்தத் தாளைப் பார்ப்போமே தவிர ஆண்டவரின் முகத்தைப் பார்ப்போமா? அவர் வரைபடம் கொடுக்கவில்லை, வந்து நின்றார். விளக்கம் கொடுக்கவில்லை, விலகாமல் நின்றார். அவர் காட்டியது ஒரே ஓர் அசைவு. அது போதுமா என்று கேட்டால், அன்று எங்களுக்கு மருத்துவமனை வாசல்வரை போக அது போதுமானதாக இருந்தது.

அறுவை முடிந்தது. கட்டியை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கட்டிலருகே நின்றேன். கழுத்தில் கட்டு, கையில் ஊசிக்குழாய். கண் திறந்தார். எனக்கு உடம்பெல்லாம் விறைத்துப்போயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை உயர்த்திக்கொண்டு, அவர் என்ன சொல்லுவார், எப்படிச் சொல்லுவார் என்று தவித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு போர்வைக்கு வெளியே கையை எடுத்து, ஆட்காட்டி விரலைக் கீழ்நோக்கி நீட்டி, மெல்ல வட்டமிட்டார்.

எங்கள் தொழிலில் அதற்கு ஒரே பொருள்தான். பாரத்தை இறக்கு.

நான் வீட்டில் பெருமையடித்தபோது அவர் என்னிடம் கற்றுக்கொண்ட சைகை அது! அத்தனை நாளும் வானத்திலிருந்து ஒரு குரல் கேட்காதா என்று ஏங்கினேன். குரலே இல்லாத ஒருத்தியின் விரலில் ஆண்டவர் எனக்கு ஆறுதல் அனுப்பினார். அறைக்கு வெளியே வராந்தாவுக்கு வந்து, ஆள் பார்க்க, சிறுபிள்ளையைப் போல அழுதேன். இறக்கிவிட்டேன், ஐயா. இறக்கிவிட்டேன்.

நான் அற்புதக் கதை சொல்ல வரவில்லை. அந்த உச்சக் குரல் திரும்பவில்லை. திரும்பும் என்றும் யாரும் சொல்லவில்லை. அதற்காக அவர் அழுத நாள்களும் உண்டு. இப்போது வரிசையின் மறுமுனையில், கீழ்க்குரல் பாடுகிறவர்களோடு நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள் அம்மா? "நல்லாத்தான் பாடறாங்க" என்கிறீர்களா? அவருக்கே கேட்கும்படி இன்னொரு முறை சொல்லுங்கள்!

ஆகவே, கையில் பாரத்தோடு இங்கே அமர்ந்திருப்பவர்களே! மருத்துவரின் பதிலுக்குக் காத்திருப்பவரே, பிள்ளையின் போக்கு புரியாமல் தவிப்பவரே, வேலை போய்விடுமோ என்று விழித்திருப்பவரே! ஆடுகிற கைகள் ஆயிரம் இருக்கட்டும். ஒரு கையை மட்டும் பாருங்கள். அது கண்ணில் படாத வேளையில், பாரம் தொங்கினாலும் பதறாமல் நில்லுங்கள். அது இறக்கு என்றால் இறக்கிவிடுங்கள். இறக்கியதை மறுபடி போய்த் தூக்காதீர்கள்!

இன்னும் பேச எனக்கு ஆசைதான். ஆனால் அதோ பாருங்கள், பாடகர் குழுவின் கடைசி நாற்காலியிலிருந்து ஒரு கை நீள்கிறது. உள்ளங்கை கீழே பார்க்க, இடமும் வலமும் ஆடுகிறது. அது "நிறுத்து". அதை யார் காட்டினாலும் நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் விதி. காட்டுவது இந்தக் கை என்றால், அது எங்கள் வீட்டு விதியும்கூட. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி. ஆண்டவர் உங்களுக்கு முன்னே நிற்பாராக. அவர்கள் பாடட்டும், வணக்கம்.