ஐம்பதுக்குக் கீழே

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது. பதிவேட்டு அறையில் எனக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கைப்பிடி உடைந்த நாற்காலிதான். புதிது கேட்டு மனு எழுதலாம் என்று நினைப்பேன். அந்த மனுவையும் நானேதான் பதிந்து நானேதான் கோப்பில் வைக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

நீங்கள் நிதானமாகவே எழுதிக்கொள்ளலாம். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. இதையும் அவசரத்தில் செய்யவில்லை.

எங்கள் பணிமனைக்குப் பழுதான டிரான்ஸ்பார்மர்கள் வரும். எண்ணெயை வடித்து, உள்ளே எரிந்துபோன செம்புச் சுருளை மாற்றி, மறுபடி எண்ணெய் ஊற்றி அனுப்புவார்கள். பழைய டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றின் எண்ணெயில் பி.சி.பி. என்று ஒரு ரசாயனம் உண்டு. தீப்பிடிக்காமல் இருப்பதற்காக ஒரு காலத்தில் சேர்த்தது. பிறகு அது விஷம் என்று தெரிந்து அரசாங்கம் விதி போட்டது. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் எண்ணெயையும் சோதிக்க வேண்டும். பத்து லட்சம் பங்கில் ஐம்பது பங்குக்கு மேல் அது இருந்தால் மஞ்சள் சீட்டு ஒட்டித் தனிக் கொட்டகையில் வைத்து, ஒரு வருஷத்துக்குள் எரிக்கும் ஆலைக்கு அனுப்பிவிட வேண்டும். எத்தனை இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று ஆண்டுதோறும் குறித்த தேதிக்குள் அறிக்கை தர வேண்டும். ஐம்பதுக்குக் கீழே என்றால் இது எதுவும் வேண்டாம். பதிவேட்டில் எண்ணை எழுதி, வருஷக் கடைசியில் 'வரம்புக்கு மேல் எதுவும் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

விதி வந்த வருஷம்தான் என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா அம்மா போன பிறகு அவளை வளர்த்தவன் நான். தலை பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளையைப் பார்த்ததும் நான்தான். எங்கள் பணிமனையில் எண்ணெய் வடிக்கும் பிரிவில் பிட்டர். ஏணி என்று கூப்பிடுவார்கள். கொட்டகை வாசலில் தினமும் தலையை இடித்துக்கொண்டு, வாசலிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போகிற மனிதர். தங்கைக்கு இப்படி ஒருவர்தான் வேண்டும் என்று நினைத்தேன். அதில் நான் தவறவில்லை.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்தபோது சோதனைக்கூடத்தின் உறை என் மேஜைமேல் கிடந்தது. முப்பத்தெட்டு டிரான்ஸ்பார்மர்களில் பதினொன்று வரம்புக்கு மேல். அறிக்கைக்கான கெடு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது.

அதுவரை பதினாறு வருஷத்தில் என்மேல் ஒரு மெமோ கிடையாது. தாமதம் என்று ஒரு குறிப்புக்கூட என் கோப்பில் இல்லை. இப்போது அறிக்கை அனுப்பினால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். ஆனால் வரம்புக்கு மேல் ஒன்றுமே இல்லையென்றால் அறிக்கையே தேவையில்லை. தேவையில்லாத அறிக்கை எப்படித் தாமதமாகும்?

பேனாவை நிறுத்திவிட்டீர்கள். இதற்காகவா என்று உங்கள் முகம் கேட்கிறது. இதற்காகத்தான்.

சோதனைக்கூடத்து ஆள் நீல மையில் எழுதியிருந்தார். என்னிடமும் நீல மை இருந்தது. 412 என்பதில் இரண்டுக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தேன். 41.2. ஒன்றில் மட்டும் 655 என்றிருந்தது. அதே இடத்தில் வைத்தால் அறுபத்தைந்து வருகிறது. அதனால் ஆறுக்குப் பக்கத்தில் வைத்தேன். பதினொரு புள்ளி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அன்று மாலை மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"அந்த எண்ணெய் விஷயம் என்ன ஆச்சு? தலைவலி ஏதும் இல்லையே?"

"இல்ல சார். எல்லாம் ஐம்பதுக்குக் கீழதான்."

"நல்லதாப் போச்சு. நீங்க இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலை இல்ல."

அவர்மேல் தப்பு இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

ஐம்பதுக்குக் கீழே என்றானதால் அந்த எண்ணெயை வடிகட்டி மறுபடி பயன்படுத்தினார்கள். கையுறை தேவையில்லை என்றானது. மிஞ்சியதை ஆட்கள் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கதவில் கரையான் ஏறாமல் இருக்கத் தடவினார்கள். முழங்கால் வலிக்குத் தேய்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் கதவு, ஜன்னல், பிறகு தொட்டில் சங்கிலிக்கும் அதுதான். அவருடைய சட்டையை ஊறவைத்த வாளியில்தான் என் தங்கை மற்றத் துணிகளையும் ஊறவைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் அவர் பதிவேட்டு அறைக்கு வந்தார். குனிந்துதான் வந்தார்.

"மச்சான், இந்த எண்ணெயில விஷம் கலந்திருக்குன்னு ஆளுங்க பேசிக்கிறாங்க. வீட்ல அவ வேற மாசமா இருக்கா. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன்.

"நீங்களே பாருங்க, மாப்பிள்ளை."

விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அவருடைய நகங்கள் பழுப்பேறியிருந்தன. பீடி குடிக்காதவர்.

"நாப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு... எல்லாம் உள்ளதான் இருக்கு, இல்ல?"

"உள்ளதான் இருக்கு."

"அப்ப சரி. வெளியாள் சொன்னா சந்தேகப்படலாம். நீங்க எழுதினதாச்சே." பக்கத்தில் விரல் பட்ட இடத்தை முழங்கையால் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு கொஞ்ச நேரம் யோசித்தேன். ஐம்பது என்பதும் யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து போட்ட எண்தான். நாற்பத்தொன்பது மருந்து, ஐம்பத்தொன்று விஷம் என்று இருக்க முடியுமா? மனசு அமைதியானது. அந்தப் பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிக்கொண்டேன்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. பெண். தோல் காபி நிறத்தில் இருந்தது, ஈறில் இரண்டு பல் முளைத்திருந்தது. "பொறக்கும்போதே பல்லோட வந்திருக்கா, மாமாவைக் கடிக்கத்தான்" என்று நர்ஸ் சிரித்தாள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வடிக்கும் பிரிவில் ஏழு பேருக்குக் கன்னத்திலும் காதுக்குப் பின்னாலும் கறுத்த பருக்கள். ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து, "இப்பத்தான் வயசுக்கு வர்றியா?" என்று கேலி செய்தார்கள். மாப்பிள்ளைக்கு இமை வீங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. குழந்தைக்கு மூன்று வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. தங்கை அதைப் பேச வைக்க மணிக்கணக்கில் உட்கார்ந்து தன் வாயையே காட்டிக்கொண்டிருப்பாள்.

ஐந்தாம் வருஷம் மாப்பிள்ளை இறந்துபோனார். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். கடைசியில் அந்த உயரத்துக்குக் கட்டில் போதாமல் காலை மடக்கிக் கிடந்தார். என் கையைப் பிடித்து, "அவளைப் பாத்துக்கங்க, மச்சான்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அது வருஷக் கடைசி. காரியங்கள் முடிந்து பணிமனைக்குப் போனதும் முதல் வேலை பதிவேட்டை முடிப்பது. கொட்டகையில் அவருடைய இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து வெறுங்கையால் எண்ணெய் வடித்துக்கொண்டிருந்தது என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. 'வரம்புக்கு மேல் எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதாமல் விட்டால் முந்தைய வருஷத்து வரிகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றது உங்களுக்கே தெரியும். குழந்தையைப் பார்த்த டாக்டர் ஒருவர், வீட்டில் யாராவது டிரான்ஸ்பார்மர் வேலை பார்த்தார்களா என்று கேட்டிருக்கிறார். தங்கையின் ரத்தத்தைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார். நீங்கள் சோதனைக்கூடத்தில் அவர்களுடைய பிரதியை வாங்கி என்னுடையதோடு வைத்துப் பார்த்தீர்கள். அவர்கள் இவ்வளவு வருஷம் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தது பாராட்டத்தக்கது. எல்லா அலுவலகத்திலும் அப்படி வைப்பதில்லை.

காலையிலிருந்து உங்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தேன். நான் எண்களைப் பார்க்கிறவன், எண்ணெயைப் பார்க்கிறவன் இல்லை, அது ஆளைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாது என்று. நீங்களும் தலையாட்டினீர்கள். பிறகு மதியம் என் தங்கையிடம் பேசிவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள், நான் ஏன் அவள் வீட்டில் கை நனைப்பதே இல்லை என்று. அவளே சொன்னாளாம், குறையாகச் சொல்லவில்லையாம், அழுதுகொண்டே சொன்னாளாம்.

உண்மைதான். ஞாயிறு தவறாமல் அந்த வீட்டுக்குப் போவேன். வாசலிலேயே நிற்பேன். செருப்பைக் கழற்ற மாட்டேன். குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு வரும், தூக்க மாட்டேன். சாப்பிடச் சொல்வாள். வயிறு சரியில்லை என்பேன்.

"ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போயேன், அண்ணே. நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு" என்று ஒருமுறை டம்ளரோடு தெருமுனைவரை வந்தாள்.

"இப்பதாம்மா குடிச்சேன்" என்றேன்.

ஆறு வருஷம். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

இதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். அண்ணனுக்குத் தலைக்கனம், நம் வீட்டில் கை நனைக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படியே இருக்கட்டும். என்னால் அவள் மனசு கஷ்டப்படக் கூடாது.