என் கணினியில் மட்டும் தெரிந்த எழுத்துகள்

மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. அன்றைக்கும் தூங்கி எழுந்த பிறகுதான் செய்தேன். அவசரத்தில் செய்துவிட்டான் லூயிஸ் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம்.

பேச்சுவழக்கு ஆவணக்கூடத்தில் உச்சரிப்புக் குறிகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. நாக்கு எங்கே தொட்டது, மூச்சு எங்கே நின்றது என்று ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு குறி. அதற்கெல்லாம் எந்தக் கணினியிலும் தெரியும்படி யூனிகோடில் பொது எண்கள் உண்டு. நானோ சொந்தமாக ஒரு எழுத்துரு செய்துகொண்டேன். அது என் கணினியில் மட்டும் குறியாகத் தெரியும். மற்றவர்களுக்கு வெறும் கட்டம். கட்டத்தைக் கண்டால் இயக்குநரே, "முசியே, இது என்ன?" என்று பிரெஞ்சு மரியாதையோடு என் மேசைக்கு வருவார். ஓய்வு வயது தாண்டியும் எனக்கு நாற்காலி இருந்தது திறமையால் அல்ல, கட்டங்களால்.

அப்போது கார்குழலி ஒப்பந்த வேலைக்கு வந்தாள். எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் அவளுக்கு வேலை நிரந்தரம். எனக்கு வழியனுப்புச் சால்வை. "எந்தக் குறிக்கு எந்த எண்ணுன்னு மட்டும் குடுங்க சார், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள். கொடுத்தேன். அடிக்கடி வரும் நாலைந்து உயிரொலிகளின் எண்களை மட்டும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றி வைத்தேன். மற்றதெல்லாம் சுத்தம்.

அவள் மாற்றி முடித்ததும், மூலக் குரல்கள் பதிந்த, பூஞ்சை பிடித்த ஒலிநாடாக்கள் இனி எதற்கு என்று கேட்டார்கள். தலையாட்டினேன். குப்பைக்குப் போயின.

வேலை முடிந்ததற்கு எடுத்த விழாவில், வீராம்பட்டினத்துச் சின்னப்பொண்ணு முன்பு எப்போதோ நாடாவில் சொன்ன கதையை, அந்தக் குறிகளை வைத்துக் கணினி பேசிக் காட்டியது. அவர் இறந்து பல வருஷம். மகன் சக்கரபாணி கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எழுந்தார்.

"கொரல் வேறயா இருந்தாலும் பரவால்ல. இது எங்கம்மா பேச்சே இல்ல. ஏம்மா, எங்கம்மாவ என்ன பண்ண?"

கேட்டது கார்குழலியை. அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். "நீங்க ஒருத்தர்தான் சார் என்னத் திட்டல" என்று அழுதாள். யார் அழுதாலும் எனக்கும் வந்துவிடும். ஊரில் யாரும் போடாத ஹெல்மெட்டை நான் போட்டிருந்தது வசதியாகப் போயிற்று.

இப்போது பிழைகளைத் திருத்துவது நான்தான். பதவியை நீட்டித்திருக்கிறார்கள். சக்கரபாணி மாதாமாதம் வருகிறார். அம்மாவின் பேச்சை ஒரு வரி, இரண்டு வரியாகச் சரிசெய்து போட்டுக் காட்டுகிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்.

மாற்றி வைத்த குறிகள் எனக்கு மனப்பாடம். முழுக் கதையையும் ஒரே மதியத்தில் சரிசெய்துவிடலாம், தூக்கத்துக்கு முன்பே. ஆனால் அவ்வளவையும் ஒரே நாளில் கேட்டால், பாவம், அந்த மனிதர் தாங்கமாட்டார்.